கஷ்டத்தின் நடுவில் ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வது?

வீட்டில் அடிமேல் அடி விழும்போது 'ஸ்தோத்திரம்' என்று சொல்ல வாய் வருமா, விசுவாசம் தரும் சமாதானம் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் வாய் வரவில்லை.

நாங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். கணவர் கடற்தொழில். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசு திரும்பாது, போகாவிட்டால் அடுப்பு எரியாது. அடுத்த மாதம் ஒரு விடியற்காலை, வலையைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே மணலில் சரிந்துவிட்டார். பாரிசவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

பார்க்க வந்த ஒருவர், "விசுவாசம் குறைந்தால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இன்றைக்கும் நெஞ்சில் முள்தான். யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள், தயவு செய்து.

என்னைத் தூக்கி நிறுத்தியது மாமி. 1990இல் யுத்தத்தில் ஊரை விட்டு ஓடியவர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனதையும் பார்த்தவர். இப்போது படுக்கையில் கிடந்தது அவர் பெற்ற பிள்ளை. ஒருநாள் இரவு கரண்ட் போன நேரம், போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு ஜெபிக்கச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. "பொய்யா நன்றி சொல்லாத பிள்ளை. முதல்ல ஆண்டவரோட சண்டை பிடி. அவர் கேப்பார்" என்றார்.

பிறகு 13ஆம் சங்கீதத்தை எடுத்துத் தந்தார். மொத்தம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தரம் 'எதுவரைக்கும்' வருகிறது. முடியும்போது "அவரைப் பாடுவேன்" என்கிறது. இடையில் கஷ்டம் தீர்ந்ததாக ஒரு சொல்கூட இல்லை. அன்றிரவு அந்த நான்கு 'எதுவரைக்கும்' என்பதையும் நான் சத்தமாகவே கேட்டேன். கேட்டு முடிந்தபின்தான், பல நாளைக்குப் பிறகு, விடியும்வரை தூங்கினேன். பவுல் அப்போஸ்தலன் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதிய 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்' இதுதானோ என்று அப்புறம் நினைத்தேன்.

அதற்காக மருந்தை விடவில்லை. கிளினிக், பிசியோதெரபி எல்லாம் ஒழுங்காகப் போனோம். கடனும் இன்னும் இருக்கிறது. ஆனால் நன்றி சொல்லக் கண்ணெதிரே விஷயம் தெரியத் தொடங்கியது. கேட்காமலே அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. கஞ்சிக் கோப்பையைக் கணவர் தானாகப் பிடித்த நாள்.

வலது கை இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. வலையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, இடது கையால் ஊசி ஓட்டி, மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுக்கிறார். இரவில் அதே சங்கீதம்தான். கடைசி வசனத்தை இப்போது அவர் வாசிக்கிறார். சொற்கள் குழறும், நேரம் எடுக்கும். நாங்கள் இரண்டு பேரும் காத்திருப்போம்.