சனிக்கிழமை ராத்திரி மட்டும் பாய் நனைவதில்லை

மேடம், வணக்கம். கூடலூரிலிருந்து எழுதுகிறேன். விடியக்காலை ஐந்தரைக்கு ஜீப் ஏறி, குமுளி வழியாக வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். போன வருஷம் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தது. இப்போது நடக்கிறார். ஆறு வயசுப் பையன்தான் ஆளே மாறிவிட்டான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கடிக்கிறான். ராத்திரி பாயிலேயே போய்விடுகிறான். சனிக்கிழமை மட்டும் எப்படியோ இல்லை. தேனியில் விளையாட்டு சிகிச்சைக்கு நாலு வாரமாகக் கூட்டிப்போகிறேன். முக்கால் மணி நேரமும் பொம்மை ஜீப்பைக் கவிழ்க்கிறான், அவ்வளவுதான். வீட்டிலும் தீப்பெட்டியை வைத்து அதே கூத்து. பொறுக்காமல் பிடுங்கி வைத்துவிட்டேன். "கவுக்குறதுக்கா காசு குடுக்குற?" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் உங்களுக்கு ஜீப் கிடையாது, இல்லையா? அப்பா விழுந்த பாதையில் தினமும் அம்மா போகிறாள். பயம் அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது. அதை வாயால் சொல்ல ஆறு வயசுக்கு வராது; கையால் சொல்கிறான்.

அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1940-களில் வகுத்த விளையாட்டு சிகிச்சை முறையில், பிள்ளை போகும் வழியில்தான் ஆலோசகர் போவார். "ஜீப் விழுந்திடுச்சு, உள்ள இருக்கவங்க பயந்துட்டாங்க" என்று அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நிஜ விபத்தில் அவன் கையில் ஒன்றுமில்லை. இங்கே எப்போது கவிழ வேண்டும் என்பது அவன் இஷ்டம். அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுவதில்லை. கடிக்க வந்தால், "கோவம் வருது, தெரியுது. ஆளைக் கடிக்கக் கூடாது, தலகாணியைக் கடி." வீட்டிலும் இதையே, குரல் உயராமல் சொல்லுங்கள்.

கதை மாறுகிறதா என்று பாருங்கள். யாராவது கயிறு கட்டித் தூக்குகிறார்களா, ஆம்புலன்ஸ் வருகிறதா? வாரக்கணக்கில் இம்மியும் மாறாமல், விளையாடி முடித்தும் முகம் இறுகியே இருந்தால் ஆலோசகர்தான் உள்ளே புகுந்து கதையைத் திருப்ப வேண்டும்; அவரிடம் கேளுங்கள். நாலு வாரத்தில் நிறுத்துவது அவசரம். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காசு இடித்தால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

ஞாயிறு அரை மணி நேரம் தரையில் உட்காருங்கள். செல்போன் வேண்டாம், புத்தி சொல்வதும் வேண்டாம். ஜீப்பில் ஏறச் சொன்னால் ஏறுங்கள், கவிழ்த்தால் கவிழுங்கள்.

அவன் தூங்கும்போது சத்தமில்லாமல் கிளம்புகிறவர் என்றால், முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். காலையில் தோட்டத்தில் இறங்கியதும், அவன் பள்ளிக்கூடம் கிளம்புமுன், வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிட்டு அவனிடம் "வந்து சேந்துட்டேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.