நின்றுபோன காரின் பேட்டரியை வீட்டிலேயே சார்ஜரில் போடலாமா?

இரண்டு மாதம் எடுக்காத கார் ஸ்டார்ட் ஆகவில்லை, வேளச்சேரி அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே சார்ஜ் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கிளிப் மாட்டும் வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜ் ஏற ஏற, குறிப்பாகக் கடைசிக் கட்டத்தில், உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். ஒரு சின்னப் பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் கண்ணில் தெறிக்கும். அதனால் சார்ஜரின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது மட்டுமே கிளிப்பைத் தொடுங்கள். சிவப்பு, பிளஸ் முனையில். அப்புறம் கருப்பு, பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில். கழற்றும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, கருப்பு முதலில். பானெட் திறந்தே இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்க வேண்டாம்.

பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-அவர் (Ah) எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் போதும். 35 என்றால் 3.5 ஆம்ப். ஸ்கூட்டரின் 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்ப்தான்.

நம் ஊர் மே மாத வெயிலில் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் உடனே நிறுத்துங்கள். வீங்கியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ சார்ஜே போடாதீர்கள். மழைநாளில் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றால் எக்ஸ்டென்ஷன் வயரை இழுக்கவே கூடாது.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் வேண்டாம். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சரி.