14-ஆவது மாடியில் வீடு வாங்குகிறவர் தரைத்தளத்தில் பார்க்க வேண்டியவை

கேள்வி: சென்னை பெரும்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஸ்டில்ட் + 18 மாடிக் குடியிருப்பில் (கீழே தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் தளம், மேலே 18 மாடி), 14-ஆவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறோம். மாடிக்கு 6 வீடு, 2 லிஃப்ட். மைவான் முறையில் (அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கூரையையும் கான்கிரீட்டாகவே ஊற்றுவது) கட்டுகிறார்கள். முன்பணம் ஒரு லட்சம் கொடுத்தாயிற்று. இருபது சதவீதம் கட்டினால்தான் ஒப்பந்தம் பதிவு செய்வோம் என்கிறார்கள். வங்கியும் கடனுக்குச் சம்மதித்துவிட்டது. உயரத்தில் இருப்பதால் வெள்ள பயம் இல்லை. இனி வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த இருபது சதவீதம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் 13-ஆவது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பதிவுக்கு முன் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வங்கி சம்மதித்ததை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம். வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்ப்பார், மதிப்பீட்டாளர் விலையைப் பார்ப்பார். பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை.

வெள்ளம் 14-ஆவது மாடிக்கு ஏறாது, சரி. உங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், லிஃப்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், தீயணைப்பு பம்ப் எல்லாம் கீழேதானே இருக்கின்றன? பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிகளில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்றது. பம்ப் அறை நிலத்தடித் தளத்தில் இருந்து அது மூழ்கினால் லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஒரு மாடிக்கு ஏறத்தாழ 20 படி என்றால், வீட்டுக்கு 280 படி குடத்தோடு ஏறுவதை யோசித்துப் பாருங்கள். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர், மின் பேனல், ஜெனரேட்டர் மேடைகளின் மட்டம் என்ன, சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி விளிம்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். 2023 வெள்ளம் எதுவரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் சுவரில் காட்டுவார். மேடையும் மூடியும் அந்த அடையாளத்துக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். சம்ப் மூடி தாழ்ந்திருந்தால் சாக்கடை நீர் உள்ளே போகும். அதன்பின் முழு சம்ப்பையும் வடித்துக் கழுவிக் குளோரின் போட்டுத்தான் பயன்படுத்த முடியும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அறிவிக்கப்பட்டது. உங்கள் மனையின் சர்வே எண் அதன் எல்லையோடு எப்படி அமைகிறது என்பதை வழக்கறிஞரைக் கொண்டு தனியாகப் பாருங்கள்.

அடுத்து மண். சதுப்பை ஒட்டிய இடங்களில் மேலே மென்களிமண், கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. இந்த உயரத்துக்குப் பைல் அடித்தளம்தான் போட்டிருப்பார்கள். மண் ஆய்வறிக்கையை வாங்கி, துளைகள் எத்தனை, எவ்வளவு ஆழம், பைல் பாறைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2911 நான்காம் பாகத்தின்படி, தொடக்கச் சோதனையில் பைல் மீது வடிவமைப்புச் சுமையைப் போல இரண்டரை மடங்கும், கட்டிடத்துக்கான பைல்களில் செய்யும் வழக்கச் சோதனையில் ஒன்றரை மடங்கும் ஏற்றிப் பார்ப்பார்கள். இரண்டு அறிக்கையும் வேண்டும். பைலின் உடலில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ‘இன்டெக்ரிட்டி டெஸ்ட்’ அறிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். துளையின் அடியில் சேறு தங்கியபடியே கான்கிரீட் ஊற்றினால் பைல் பின்னால் இறங்கும். ஊற்றும்போது கான்கிரீட்டை அடிவரை கொண்டுசெல்லும் ட்ரெமி குழாயை அவசரப்பட்டு உயர்த்தினால் இடையில் மண் புகுந்து, பைல் அங்கே மெலிந்து கழுத்து விழும். இரண்டாவது குறை இன்டெக்ரிட்டி டெஸ்ட்டில் பெரும்பாலும் பிடிபடும். முதல் குறைக்குச் சுமைச் சோதனைதான் நம்பிக்கை.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டிடம் பைல் மேல் நிற்கும், சுற்றியுள்ள பாதையோ நிரப்பிய மண் மேல். சில மழைக்காலங்களில் பாதை அமிழும், கட்டிடம் அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் கழிவுநீர்க் குழாய் உடையும். திட்டத்தின் முதல் கட்டம் முடிந்திருந்தால் போய்ச் சுவரோரத்தைப் பாருங்கள். பிளவும், ஒட்டுப்போட்ட சிமென்ட்டும் தெரிந்தால் குழாய்களுக்கு அங்கே வளைந்து கொடுக்கும் இணைப்பு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கட்டமைப்பு வடிவமைப்பில் எல்லோரும் பூகம்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். காற்றையும் கேளுங்கள். ஸ்டில்ட் + 18 என்றால் ஏறத்தாழ 57 மீட்டர். 50 மீட்டரைத் தாண்டியதால் உயர்கட்டிடங்களுக்கான ஐ.எஸ். 16700 பொருந்தும். காற்றில் உச்சி நகர்வது உயரத்தில் 500-இல் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 11 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். வடிவமைப்பைக் கட்டுநர் சாராத வேறொரு பொறியாளர் சரிபார்த்த சான்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்த பிறகு இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

லிஃப்ட் கணக்கு எளிது. 18 மாடி, மாடிக்கு 6 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 432 பேர். காலை நெரிசலில் ஐந்து நிமிடத்துக்கு ஏழரை சதவீதம் பேர், அதாவது 32 பேர் இறங்க வருவார்கள். 13 பேர் ஏறும் லிஃப்டில் நடைமுறையில் 10 பேர்தான் நிற்பார்கள். போய் வர இரண்டரை நிமிடம் என்றால் ஐந்து நிமிடத்தில் ஒரு லிஃப்ட் 20 பேரை இறக்கும். இரண்டும் ஓடினால் 40, போதும். ஒன்று பழுதானால் 20 தான், பள்ளிப் பேருந்து போய்விடும். எனவே மூன்றாவது லிஃப்ட் வேண்டும், அதில் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும். இந்தக் கட்டிடத்துக்கு இரண்டு லிஃப்ட் போதாது என்பதே எங்கள் கருத்து.

தீ. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-படி, 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒரு மீட்டர் கூடும். 57 மீட்டருக்கு 12 மீட்டர். அந்த இடத்தில் பிறகு கார் நிறுத்தக் கோடு போட்டுவிடுவார்கள், கவனம். பாதைக்கு அடியில் நிலத்தடித் தளம் இருந்தால் அதன் கூரை 45 டன் தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும். முடிந்த கட்டத்தில் ஏதாவது ஒரு மாடியின் மின்குழாய் ஷாஃப்ட்டை (மாடிகளை ஊடுருவிப் போகும் செங்குத்து இடைவெளி) பாதுகாவலரைத் திறக்கச் சொல்லிக் கீழே பாருங்கள். கீழ்மாடி வெளிச்சம் தெரிந்தால் ஷாஃப்ட் அடைக்கப்படவில்லை. தீ பிடித்தால் புகை புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலேறும்.

மைவானில் சுவரெல்லாம் கான்கிரீட், எல்லாம் கட்டமைப்பின் பகுதி. பிறகு கதவு வைக்கவோ, சுவரை வெட்டி ஒயர் ஓட்டவோ கூடாது. ஆகவே ஏ.சி. குழாய்த் துளை, கீசர், இன்வெர்ட்டர், சமையலறை பிளக் எங்கே என்று கான்கிரீட் ஊற்றும் முன்பே எழுதிக் கொடுங்கள். மேற்குச் சுவர் உங்கள் படுக்கையறையில் இருந்தால் இரவு பத்து மணிக்கும் சூடு இறங்காது. வேறு வீடு கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் விலை கார்பெட் ஏரியாவுக்கு (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) எழுதப்பட வேண்டும். அதில் வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி சேராது. நிலத்தில் உங்களுக்கு உரிய மனைப்பங்கு சதுர அடியில் எண்ணாகவே இருக்கட்டும். அடுத்த கட்டம் கட்டினாலும் குறையாது என்ற வரி வேண்டும். சாவி வாங்கும் முன் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) நிறைவுச் சான்று பாருங்கள். சாவி வாங்கும் நாளில் ஜன்னல்கள் மேல் வெளியிலிருந்து பதினைந்து நிமிடம் குழாயால் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். கட்டமைப்புக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கட்டுநர்தான் பொறுப்பு. கசிவு தெரிந்தால் அன்றே தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வாங்கிவிடுங்கள்.