காய்ச்சலில் கிடந்தபோது யாரும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 47 வயது. 12 வருடமாகச் சபையில் ஊழியம் செய்கிறேன். ஞாயிறு பள்ளி, ஆஸ்பத்திரி சந்திப்பு, துக்க வீட்டில் கூடமாட வேலை என்று எதற்கும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் களைத்துப்போய் வீடு திரும்பினாலும் மனம் நிறைந்திருக்கும். இப்போது போன் அடித்தாலே எரிச்சல் வருகிறது.

படுக்கையில் கிடந்த ஒரு தாயாரை எட்டு மாதம் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டேன். அவர் எழுந்து நடமாடியதும், அவருடைய மகள் சபையில் சாட்சி சொல்லி எல்லோருக்கும் நன்றி சொன்னார். என் பெயரை விட்டுவிட்டார். அன்று இரவு அழுதேன். பெயருக்காகவா செய்தேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

போன மாதம் ஐந்து நாள் காய்ச்சல். எதற்குத் தொந்தரவு என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவர்கூட வராதது இன்னும் உறுத்துகிறது. தன்னலமில்லாமல் கொடுத்தால் நிறைவு வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள் நான். எனக்கு ஏன் வரவில்லை? என் ஊழியமே பொய்யா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

பொய்யில்லை. எட்டு மாதம் போய் வந்தவருக்கு ஒரு வார்த்தை நன்றி கிடைக்காவிட்டால் வலிக்கத்தான் செய்யும். பத்துக் குஷ்டரோகிகள் சுகமானபோது ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே வாய்விட்டுக் கேட்டார். அதற்காக அவரைப் பெயருக்கு ஆசைப்பட்டவர் என்று யாரும் சொல்வதில்லையே.

எனக்கு அதைவிடக் கவலையாக இருப்பது அந்த போன் எரிச்சல்தான். இதை 'பர்ன்அவுட்' என்பார்கள். 1974-ல் இதைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் உழைத்தவர். சம்பளத்துக்காக அல்லாமல் மனசார உழைத்தவர்களே அங்கே வெந்து தணிந்துபோனதைப் பார்த்தார். அவரும் அதில் ஒருவர். பர்ன்அவுட்டின் அடையாளங்கள் இவை: ஓயாத சோர்வு, மனிதர்கள்மேல் ஒரு கசப்பு, என்ன செய்து என்ன பயன் என்ற எண்ணம். மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. இது விசுவாசக் குறைவு இல்லை. தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தோடு அதையும் செய்யலாம்.

அப்புறம், வேலையைக் குறைப்பது. காலைமுதல் மாலைவரை தனி ஆளாக வழக்குத் தீர்த்த மோசேயிடம், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ சொன்னார். ஜனங்களும் என்று சொன்னதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்யும்போது வேறொருவர் கற்றுக்கொள்ள வேண்டிய ஊழியத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். மனதாரப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒப்படையுங்கள். அது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: யாருக்குமே தெரியாது என்றாலும் எதைச் செய்வீர்கள்? முடியாது என்று சொல்லப் பயந்து செய்கிற வேலையில் நிறைவு வராது. பயம் தீர்ந்த நிம்மதிதான் வரும், அதுவும் அடுத்த போன் வரும்வரை.

இனி அந்தக் காய்ச்சலுக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்த இடம்தான். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் யாராவது வந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற இடத்தில் இருக்கும்வரை நாம் மேலே இருக்கிறோம். வாங்குகிற இடத்துக்கு இறங்கக் கூச்சமாக இருக்கிறது. பேதுருவுக்கும் இதே கூச்சம்தான். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, என் கால்களை நீர் கழுவவே கூடாது என்று மறுத்தான். கழுவாவிட்டால் உனக்கு என்னிடத்தில் பங்கில்லை என்று பதில் வந்தது. நாம் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, அடுத்தவர் காலைக் கழுவுவது மட்டும்தான் பாடம் என்று எழுந்து போய்விடுகிறோம். நீட்டிய கால்களை யாரும் பிரசங்கிப்பதில்லை.

இந்த வாரம் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், "எனக்கு முடியவில்லை, ஒருநாள் வந்து கூட இருங்கள்" என்று கேளுங்கள். நன்றி சொல்ல மறந்த அந்த மகளாகக்கூட இருக்கலாம். அவர் வந்து கதவைத் தட்டினால் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். அவரை உபசரிக்க எழுந்து ஓடாதீர்கள்.