கேம் சர்வர் ப்ளகின்: கரையோர நண்பர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பள்ளிக்கூடங்களுக்கும் கோடை லீவு. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் பையன்கள் நடத்தும், பலர் சேர்ந்து விளையாடும் மைன்கிராஃப்ட் கேம் சர்வர்கள் நிரம்பி வழிவது இந்த நாட்களில்தான். சண்டையும் அப்போதுதான் அதிகம்.

பகலில் எனக்கு மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை. இரவில், 2021-லிருந்து, இந்த சர்வர்களுக்காக ஒரு இலவச மாடரேஷன் ப்ளகின், அதாவது ஒழுங்கு காக்க சர்வரோடு சேர்க்கும் துணை நிரல், எழுதிப் பராமரித்து வருகிறேன். பேன் (ஆளை உள்ளே வரவிடாமல் தடுப்பது), மியூட் (பேசவிடாமல் அடைப்பது), எச்சரிக்கை எல்லாவற்றையும் பதிவோடு செய்வதற்கான ப்ளகின் அது. இந்தத் தடைக்காலத்தில் அதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

உச்சிப்புளி: அண்ணே, கேமிலேயே பேன் கட்டளை இருக்கிறதே. தனியாக ஒரு ப்ளகின் எதற்கு?

கேமோடு வரும் கட்டளையில் காரணம் எழுதலாம். ஆனால் "மூன்று நாளைக்கு மட்டும்" என்று சொல்ல வழியில்லை, போட்டால் போட்டதுதான். பிறகு மனம் இரங்கி மன்னிப்புக் கட்டளை கொடுத்தால் பட்டியலிலிருந்து அந்தப் பதிவே போய்விடும். யார் பேன் செய்தார், எதற்காக, யார் எடுத்துவிட்டார், ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வாரம் கழித்து அதே பையன் வம்பு செய்தால் இது முதல் தடவையா நாலாவது தடவையா என்று யாருக்கும் தெரியாது.

நம் ப்ளகின் தண்டனைப் பதிவு எதையும் அழிக்காது. தண்டனையை எடுத்தால், எடுத்தவர் பெயரோடும் தேதியோடும் இன்னொரு வரி சேரும். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். தப்பான ஆளைப் பேன் செய்வது எல்லா சர்வரிலும் நடக்கிறது. அது தப்பு என்று பிறகு கண்டுபிடித்துச் சரிசெய்ய ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

கீழக்கரை: காக்கா, ஒருத்தனை ஐபி பேன் செய்தேன். எங்கள் தெருவில் ஏழு பேர் உள்ளே வர முடியவில்லை. துபாயில் இருக்கும் மச்சான் மட்டும் ஜாலியாக விளையாடுகிறான். ப்ளகினில் கோளாறா?

கோளாறு இல்லை தம்பி. சொன்னதைத்தான் செய்திருக்கிறது. சொன்னதுதான் தப்பு.

ஐபி என்பது இணைய இணைப்பின் முகவரி. பழைய வகை ஐபி முகவரிகள், அதாவது ஐபிவி4, உலகத்துக்கே போதவில்லை. அதனால் மொபைல் கம்பெனிகளும் பல பிராட்பேண்ட் கம்பெனிகளும் ஒரே பொது முகவரியை நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. உங்கள் சர்வர் பார்ப்பது அந்தப் பொது முகவரியை மட்டும்தான். ஒரு வளவில் ஒருத்தன் மேல் கோபப்பட்டுத் தெருவாசலையே பூட்டியது மாதிரி ஆகிவிட்டது. உங்கள் இணைப்பும் இப்படித்தானா என்று பார்க்க ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். முதல் இரண்டு எண்கள் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் நீங்கள் பங்கு முகவரியில் இருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு அநியாயம், வம்பு செய்தவன் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தாலே பல நேரம் வேறு முகவரி கிடைத்துவிடும். அவன் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

அதனால் நம் ப்ளகினில் ஐபி பேன் அணைத்தே வரும். நீங்களாக இயக்கினாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஏற்கெனவே உங்கள் சர்வரில் விளையாடிப் பழகிய கணக்குகளைத் தொடாது. நீங்கள் வைத்திருப்பது பழைய பதிப்பு என்று நினைக்கிறேன். இன்றே மாற்றிவிட்டு அந்த ஏழு பேரையும் கூப்பிடுங்கள்.

பாம்பன்: அண்ணே, கெட்ட வார்த்தை வடிகட்டியைப் போட்டோம். "பன்னிரண்டு மணிக்கு வாங்கடா" என்று எழுதியவனை மியூட் செய்துவிட்டது. தமிழுக்கு இது ஒத்துவராதா?

இந்தக் கேள்வி என்னை இரண்டு வருடம் தூங்கவிடவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டியலில் "பன்னி" இருக்கிறது. "பன்னிரண்டு" என்பதற்குள் "பன்னி" முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கண்டவுடன் பிடித்தது. முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பிடி என்று மாற்றலாமே என்று தோன்றும். ஆங்கிலத்துக்கு அது ஓரளவு போதும். தமிழில் சொல்லோடு ஒட்டு சேரும்: பன்னியே, பன்னிங்களா, பன்னிப்பயலே. முழுச் சொல்லை மட்டும் தேடினால் இத்தனையும் தப்பிவிடும்.

இதைவிட மோசமான ஒன்றை நானே செய்திருந்தேன். நடுவில் புள்ளியும் கோடும் போட்டு வடிகட்டியை ஏமாற்றுகிறார்களே என்று, எழுத்து அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தேடும்படி ஒரு வரி எழுதினேன். கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் நம் மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் விசிறியும் எழுத்து என்ற வகையில் வராது, குறி என்ற வகையில்தான் வரும். அந்த ஒரு வரி அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. "பன்னி" வெறும் "பனன" ஆனது. "பின்னால்" என்று எழுதினால் "பனனல". "பன்னீர்" என்று எழுதினால் "பனனர". எல்லாம் மாட்டின. என் பின்னால் வா என்று கூப்பிட்டவனுக்கு மியூட்! குறிகளையும் எழுத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்படி திருத்திய பிறகுதான் அடங்கியது.

அப்புறம் "ொ" மாதிரி உயிர்க்குறிகள். இதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு. எனவே தேடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை இடையில் நுழைப்பவர்களும் உண்டு, அவற்றையும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள் கதை தனி. அந்த எழுத்தில் "பன்னி"யும் "பண்ணி"யும் ஒன்றுதான். "கால் பண்ணி சொல்லு", "அப்டேட் பண்ணிட்டேன்" என்று அடித்தவனெல்லாம் மாட்டுவான். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்துப் பட்டியலிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டேன். ஒரு வசவு தப்பிப் போவது பரவாயில்லை.

இப்போதைய பதிப்பில் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தேடும், ஒட்டுகளை விட்டுவிடும், விலக்குப் பட்டியலைப் பார்க்கும். பன்னிரண்டும் பன்னிருவரும் அதில் இருக்கிறார்கள். முக்கியமான மாற்றம், வடிகட்டி இனி யாரையும் தானாகத் தண்டிக்காது. அந்தச் செய்தியை நிறுத்திவைத்து மாடரேட்டருக்குக் காட்டும், அவ்வளவுதான். ஆளைப் பார்த்து முடிவெடுப்பது ஆளின் வேலை.

தங்கச்சிமடம்: பேன் செய்தவன் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வருகிறானே?

பெயரை வைத்துப் பேன் செய்தால் அப்படித்தான். மைன்கிராஃப்டில் 2015-லிருந்து 30 நாளுக்கு ஒருமுறை பெயர் மாற்றலாம். கணக்குக்கு மாறாத அடையாள எண் ஒன்று உண்டு, யூயூஐடி என்பார்கள். நம் ப்ளகின் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் சர்வர் ஆஃப்லைன் முறையில், அதாவது கணக்கைச் சரிபார்க்காமல், ஓடினால் அந்த எண்ணே பெயரிலிருந்துதான் உருவாகும். புதுப் பெயர் வைத்தால் புது ஆள். அதற்கு ப்ளகினில் மருந்து இல்லை. தெரிந்தவர்கள் மட்டும் நுழையும்படி வெள்ளைப் பட்டியல் போடுங்கள்.

தொண்டி: ஒவ்வொருவர் உள்ளே நுழையும்போதும் அரை நொடி எல்லோரும் உறைந்து நிற்கிறோம். ப்ளகினை எடுத்தால் சரியாகிவிடுகிறது.

சர்வர் நொடிக்கு 20 தடவை உலகத்தை நகர்த்துகிறது. ஒரு தடவைக்கு 50 மில்லிநொடி. பெரும்பாலான வேலை ஒரே இழையில், அதாவது ஒரே வேலை வரிசையில்தான் நடக்கும். பாம்பன் பாலத்தில் ஒற்றைத் தண்டவாளம் போல: ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். இவன் பேன் ஆனவனா என்று தரவுத்தளத்தைக் கேட்கும் வேலையை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தக் கூடாது. ஆள் நுழைவதற்கு முன்பே தனி இழையில் நடக்கும் ஒரு நிகழ்வு இருக்கிறது. நாங்கள் அங்கேதான் கேட்கிறோம். உங்கள் பதிவைப் பார்த்தேன். நம் ப்ளகினோடு பேசும் இன்னொரு சின்ன ப்ளகின் முதன்மை இழையில் தண்டனை வரலாற்றைக் கேட்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். சரியாகாவிட்டால் மறுபடி எழுதுங்கள், நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

தேவிபட்டினம்: கேம் அப்டேட் வந்தால் உங்கள் அப்டேட் வர எத்தனை நாள்? நடுவில் பழையதை வைத்து ஓட்டலாமா?

பெரும்பாலும் ஓட்டலாம். சர்வரின் உட்புறக் குறியீட்டைத் தொடாமல், பேப்பர் என்ற சர்வர் மென்பொருள் ப்ளகின்களுக்குக் கொடுக்கும் பொதுவான இணைப்பு வழி (ஏபிஐ) மூலமாக மட்டுமே எழுதியிருக்கிறேன். அதனால் கேம் மாறினாலும் ப்ளகின் பெரிதாக உடைவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது சர்வரை ஓட்டும் ஜாவா. கேம் பதிப்பு 1.17-க்கு ஜாவா 16, 1.18-க்கு 17, 1.20.5-க்கு 21 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ப்ளகின் உடைந்துவிட்டது என்று வரும் புகார்களில் பாதி பழைய ஜாவாவால் வருவது.

என் பயம் வேறு இடத்தில். 2023-இல் நான் வெளியிட்ட ஒரு அப்டேட்டில், பேன் முடியும் நேரத்தை நொடியில் சேமித்ததிலிருந்து மில்லிநொடிக்கு மாற்றினேன். பழைய எண்களை ஆயிரத்தால் பெருக்கும் வரி நிரலின் ஒரு கிளையில் விட்டுப்போனது. கணினி 1970 தொடக்கத்திலிருந்து நேரத்தை எண்ணுவதால், அந்த எண்களை மில்லிநொடி என்று படித்தால் தேதி 1970 ஜனவரி 20 என்று வரும். எல்லாத் தற்காலிக பேனும் எப்போதோ முடிந்துவிட்டதாக ப்ளகின் நினைத்துக்கொண்டது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு அக்கா போன் செய்தார். அவர் சர்வரில் சின்னப் பிள்ளைகளிடம் அசிங்கமாகப் பேசி வெளியேற்றப்பட்ட ஆள் மறுபடி உள்ளே வந்து நின்றான். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

அதிலிருந்து ஒவ்வொரு அப்டேட்டும் தரவைத் தொடும் முன் பழைய கோப்பைத் தேதியோடு நகலெடுத்து வைக்கும். மாற்றிய பிறகு, நடப்பில் இருந்த பேன்களின் எண்ணிக்கையை ஒப்பிடும். ஒன்று குறைந்தாலும் பழைய நகலுக்கே திரும்பிவிடும். இதைச் சோதிக்க ஒரு வாரம் பிடிக்கிறது. அந்த ஒரு வாரத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள்.

ராமேஸ்வரம், ஒரு தாய்: தம்பி, என் மகளுக்கு 12 வயது. கேமில் ஒருவன் தனிச்செய்தி அனுப்பி போட்டோ கேட்கிறானாம். சர்வர் நடத்தும் பையனிடம் சொன்னால் பேன் செய்துவிட்டேன் என்கிறான். அது போதுமா?

போதாது அக்கா. பேன் செய்தால் அந்த சர்வரில் அவன் இருக்க மாட்டான், வேறு சர்வரில் வேறு பிள்ளையிடம் போவான். முதலில் மகளைத் திட்டாதீர்கள்; உங்களிடம் வந்து சொன்னது பெரிய காரியம். செய்தியை அழிக்காமல் திரையைப் படம் பிடித்து வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரவிலும் கூப்பிடலாம். காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

சர்வர் நடத்தும் தம்பிக்கு: நம் ப்ளகினில் புகார் கட்டளை இருக்கிறது. அந்தப் பிள்ளை அதை அடித்தால், இரண்டு பேருக்கும் நடந்த கடைசி 50 வரிகளை நேரத்தோடு பூட்டி வைக்கும். அனுப்பியவன் கணக்கை மூடினாலும் அது போகாது. புகார் இல்லாமல் எந்த மாடரேட்டரும் யாருடைய தனிச்செய்தியையும் படிக்க முடியாது. எல்லாவற்றையும் படிக்க வசதி வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். மாடரேட்டர்களே பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள். அவர்கள் கையில் மற்ற பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் கொடுக்கக் கூடாது.

பெரியபட்டினம்: எங்கள் மாடரேட்டர் தனக்குப் பிடிக்காதவனையெல்லாம் பேன் செய்கிறான்.

அமைப்பில் "இரண்டாம் ஒப்புதல்" என்று இருக்கும், இயக்குங்கள். ஏழு நாளுக்கு மேலான பேனுக்கு இன்னொரு மாடரேட்டர் சரி சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை வரலாற்றைத் திறந்து அவர் பெயரில் மட்டும் பாருங்கள். "சும்மா" என்று காரணம் எழுதிய வரிகளைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஏர்வாடி: இவ்வளவு உழைக்கிறீர்கள், ஏன் காசு வாங்குவதில்லை?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையிலிருக்கும் காசைச் சேர்த்து சர்வருக்கு வாடகை கட்டுகிறார்கள். அவர்களிடம் பாதுகாப்புக்கும் ஒரு விலை சொல்ல எனக்கு மனமில்லை. மூலநிரலை ஜிபிஎல் உரிமத்தில் வைத்திருக்கிறேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியிட்டால் அதையும் திறந்து வைக்க வேண்டும். 2014-இல், ப்ளகின்களை ஓட்டும் சர்வர் மென்பொருளான கிராஃப்ட்பக்கெட்டின் பதிவிறக்கம் பதிப்புரிமைத் தகராறில் நின்றுபோனது. அதை நம்பியிருந்தவர்கள் அப்போது திண்டாடினார்கள். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் இந்த ப்ளகின் நிற்கக் கூடாது.

மூக்கையூர், 13 வயது: அண்ணே, என்னைப் பேன் பண்ணிட்டாங்க. நான் "பேய்க்கரும்பு போறோம்"னுதான் எழுதினேன். செய்தி திரையில வரவே இல்லைன்னு மூணு தடவை அடிச்சேன். எடுத்துவிடுங்க அண்ணே.

தம்பி, உன் மேல் தப்பில்லை. "பேய்" என்று திட்டுவதைப் பிடிக்க வைத்த சொல், கலாம் ஐயா நினைவிடம் இருக்கும் ஊர்ப் பெயரைப் பிடித்துவிட்டது. மூன்று தடவை பிடித்தால் பேன் என்பது பழைய பதிப்பின் விதி. அதை நான்தான் எழுதினேன், மன்னித்துக்கொள். உங்கள் சர்வரில் என்னால் கைவைக்க முடியாது. சர்வர் நடத்தும் அண்ணனிடம் இந்தப் பதிலைக் காட்டு. புதுப் பதிப்பைப் போட்டுவிட்டு உன் பெயரில் வரலாற்றைத் திறந்தால் அந்த மூன்று வரியும் அப்படியே இருக்கும். படித்துப் பார்த்தால் அவருக்கே தெரியும். விலக்குப் பட்டியலில் பேய்க்கரும்பை நேற்று ராத்திரியே சேர்த்துவிட்டேன்.