கிரான்பெரீஸ் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையில் அயர்லாந்தின் கிரான்பெரீஸ் குழுவை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அவர்களுடைய 'ஜாம்பி' மட்டும்தான் தெரியும். விடுதியில் யார் கிட்டாரைக் கையில் எடுத்தாலும் அதைத்தான் வாசிப்பார்கள். அது ஒரே ஒரு பாட்டால் பேர் வாங்கிய குழு, பாடகி டோலோரஸ் ஓ'ரியார்டன் இல்லையென்றால் மற்ற மூன்று பேரும் ஒன்றுமே இல்லை என்கிறான் என் நண்பன். அப்படித்தானா? வேறு எதைக் கேட்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. 'ஜாம்பி'யை மட்டும் கேட்டவர்கள் அந்தக் குழு வழக்கமாகப் பாட்டுக் கட்டும் விதத்தைக் கேட்கவே இல்லை, விதிவிலக்கைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

லிமெரிக் நகரத்தில் 1989இல் நோயல் ஹோகன், அவர் தம்பி மைக், டிரம்ஸ் வாசிக்கும் ஃபெர்கல் லாலர் மூவரும் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. முதலில் இருந்த பாடகர் விலகிவிட்டார். அடுத்த வருடம், பக்கத்திலிருக்கும் பாலிபிரிக்கன் என்ற கிராமத்திலிருந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண் கீபோர்டோடு வந்து நிற்கிறாள், அவள்தான் டோலோரஸ். நோயல் தான் கிட்டாரில் போட்டு வைத்திருந்த கார்டுகளை (chords, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தனுப்புகிறார். அவள் திரும்பி வரும்போது அதற்கு மெட்டும் வரிகளும் இருக்கின்றன. அதுதான் 'லிங்கர்'.

கிட்டார் வாசிக்கத் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் 'லிங்கரை' வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். டி, ஏ, சி, ஜி, இந்த நான்கு கார்டுகள்தான், தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வரும். பல்லவிக்கென்று வேறு கார்டு கிடையாது. ஆனாலும் பல்லவி வரும்போது ஏதோ கதவு திறந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் கீழே எதுவுமே மாறாமல் இருக்க மேலே டோலோரஸின் குரல் மட்டும் இடம் மாறுகிறது. ஒருவர் அசையாமல் நின்றதால்தான் இன்னொருவரால் அப்படிப் பறக்க முடிந்தது. இதைக் கேட்ட பிறகும் மற்றவர்கள் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

1993இல் வந்த முதல் ஆல்பத்தை பிரிட்டனில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் மற்ற குழுக்களுக்கு முன்னால் வாசிக்கும் சின்னக் குழுவாகப் போனார்கள், அங்கே எம்டிவி 'லிங்கரை' எடுத்துக்கொண்டது, பாட்டு அமெரிக்கப் பட்டியலில் எட்டாவது இடம் வரை போனது. அப்புறம்தான் 1994இல் அதே ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. டோலோரஸ் பாடும்போது லிமெரிக் உச்சரிப்பை மறைக்கவே இல்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். குரல் நடுவில் உடைந்து மேலே தாவுமே, ஐரிஷ் பெண்களின் பழைய ஒப்பாரி அதில் எனக்குக் கேட்கிறது.

சரி, 'ஜாம்பி'. 1993 மார்ச் 20, இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் கடைத்தெருவில் குப்பைத்தொட்டிகளில் வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ இயக்கம் வைத்த குண்டுகள் வெடித்தன. அன்னையர் தினத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை. மூன்று வயது ஜானத்தன் பால் அங்கேயே இறந்தான், பன்னிரண்டு வயது டிம் பாரி ஐந்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தான். இந்தப் பாட்டை டோலோரஸ் தனியாகவே எழுதினார், நோயலின் கார்டுகள் இதற்கு வரவில்லை. மெதுவான அக்குஸ்டிக் கிட்டாரில் பிறந்த பாட்டு. ஒத்திகையில் மற்றவர்களிடம் இதை முரட்டுத்தனமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டு, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கொண்டுவந்ததும் அவர்தான். பாட்டு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் நடந்த 1916இன் எழுச்சி வரை பின்னோக்கிப் போகிறது. சிக்கலான வரலாற்றை எளிமையாக்கிவிட்டார் என்று அன்றும் சொன்னார்கள், 2023இல் ரக்பி உலகக் கோப்பையில் அயர்லாந்து ரசிகர்கள் அதை மைதானத்தில் பாடியபோதும் அந்தச் சண்டை மறுபடி வந்தது. என்னைக் கேட்டால், அது வரலாற்றுக்குத் தீர்ப்பு சொல்லும் பாட்டே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் பக்கம் போய் நிற்கிறது, என் பெயரைச் சொல்லி இதைச் செய்யாதே என்கிறது. டோலோரஸ் இறந்த பிறகுதான் டிம்மின் அப்பாவுக்கு இந்தப் பாட்டு தன் மகன் இறந்த சம்பவத்தைப் பற்றியது என்றே தெரிய வந்தது. கணினியில் தேடிப் போட்டுக் கேட்டிருக்கிறார். அந்த அறையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தப் பாட்டு இருக்கும் இரண்டாவது ஆல்பம் உலகம் முழுக்க ஒரு கோடியே எழுபது லட்சம் பிரதிகள் விற்றது. அதற்கப்புறம் எல்லாம் வேகம்தான். 1996இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்கு ஹார்ட் ராக்கில் பேர் வாங்கிய புரூஸ் ஃபேர்பெர்னைத் தயாரிப்பாளராக வைத்தார்கள், பழைய ஈரம் அதில் குறைந்துபோனது என்பது என் எண்ணம். டோலோரஸ் களைத்துப்போய் சுற்றுப்பயணத்தையே பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. இன்னும் இரண்டு ஆல்பங்கள், 2003இல் இடைவெளி, 2009இல் திரும்பச் சேர்ந்தது, 2012இல் 'ரோசஸ்' ஆல்பம். தனக்கு இருமுனை மனநோய் இருந்ததை அவரே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். இத்தனைக்கும் நடுவில் 1990இல் சேர்ந்த அந்த நான்கு பேரில் ஒருவர்கூட மாறவில்லை.

2017இல் நோயலும் டோலோரஸும் புது ஆல்பத்துக்கு வேலை செய்ய ஆரம்பித்தார்கள். வழக்கம் அதேதான்: நோயல் இசையை அனுப்புவார், டோலோரஸ் அதன் மேலே பாடித் திருப்பி அனுப்புவார், கேசட்டுக்குப் பதில் கணினிக் கோப்புகள், அவ்வளவுதான். 2018 ஜனவரி 15 அன்று லண்டன் ஹோட்டல் ஒன்றில் டோலோரஸ் இறந்துபோனார், வயது 46. மதுபோதையில் குளியல் தொட்டியில் மூழ்கிய விபத்து என்று விசாரணையில் முடிவானது. மற்ற மூவரும் அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு, முதல் இரண்டு ஆல்பங்களின் தயாரிப்பாளர் ஸ்டீபன் ஸ்ட்ரீட்டையே கூப்பிட்டு, டெமோவில், அதாவது மாதிரிப் பதிவில், இருந்த அந்தக் குரலைச் சுற்றி வாசித்து 2019இல் 'இன் தி எண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அவர்களுக்கு முதல் கிராமி பரிந்துரை அதற்குத்தான் கிடைத்தது. வேறு பாடகியைத் தேடவில்லை, குழுவை அதோடு முடித்துக்கொண்டார்கள்.

கேட்க வேண்டியவை: முதலில் 'லிங்கர்'. பிறகு, இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'நோ நீட் டு ஆர்க்யூ', ஆர்கனும் குரலும் மட்டும்தான், இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் 'இன் தி எண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஆல் ஓவர் நவ்'. கிட்டார் ஆரம்பிக்கும்போதே அது நோயல் என்று தெரிந்துவிடும். பாடிப் பார்ப்பதற்காகப் பாடிய குரல் அது, பிறகு சரியாகப் பாடிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது.

அன்புடன்
அண்ணா