கிணற்றில் பெட்ரோல் வாடை: இறைத்துவிட்டால் சரியாகுமா?

கேள்வி: எங்கள் கிணற்றுக்கு 150 அடி தூரத்தில் பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதிலிருந்து கிணற்றில் வானவில் நிறத்தில் ஆடை படர்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. மாடுகள் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. முழுக்க இறைத்துவிட்டால் சரியாகுமா? கீரைக்குப் பாய்ச்சலாமா?
– பல்லடம் பக்கத்து விவசாயி

பதில்: இறைக்காதீர்கள். மோட்டார் ஓட ஓட உங்கள் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் இறங்கும். பங்க் பக்கம் மண்ணில் தேங்கியிருக்கும் பெட்ரோலும் தண்ணீரோடு சேர்ந்து உங்களை நோக்கி வரும். அதோடு பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கிணற்றுக்குள்ளேயே தங்கும். சுவிட்சில் ஒரு பொறி போதும். தூர் வாரவும் யாரையும் இறக்க வேண்டாம்.

ஆடையை ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்புப் பாக்டீரியா, பயமில்லை. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான். பங்க்காரரிடம் போகுமுன் உங்கள் கம்ப்ரசரையும் டீசல் இன்ஜினையும் பார்த்துவிடுங்கள். சண்டைக்குப் போய், ஒழுகியது தன் இன்ஜின்தான் என்று தலைகுனிந்து வந்தவர்களும் உண்டு.

மழைக்குப் பின் வாடை வந்ததில் ஆச்சரியமில்லை. பங்க்கில் மண்ணுக்கடியில் இருக்கும் இரும்புத் தொட்டியோ அதன் குழாய் இணைப்போ துருப்பிடித்துக் கசிந்தால், பெட்ரோல் நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது மண்ணிலும் பாறை வெடிப்பிலும் ஒட்டிக்கொண்டு, மழையில் மட்டம் ஏறும்போது கிளம்பி வரும். உங்கள் ஊர்ப் பாறை நிலத்தில் அது வெடிப்பு போகும் வழியில் போகும். பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்கும், நாலு தோட்டம் தள்ளி நாறும்.

கீரைக்கு வேண்டவே வேண்டாம், கத்தரி, தக்காளிக்கும்தான். ஏற்கெனவே பாய்ச்சிய பாத்தியில் இலை மஞ்சளித்தால், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்வது காரணமாக இருக்கலாம். பாய்ச்சலை நிறுத்தி, உழுது காற்றோட்டம் கொடுத்து, மக்கிய தொழுவுரம் போடுங்கள்.

மாட்டுக்கு வேறு தண்ணீர் வையுங்கள். குடித்துவிட்ட மாடு இருமினாலோ வயிறு உப்பினாலோ மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டும் கைவைத்தியம் கூடாது, பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. காய்ச்சினால் ஆவி சமையலறையில்தான் நிறையும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப்பொருளுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மூக்குக்குத் தெரிய அதைப்போல் பல நூறு மடங்கு வேண்டும். ஆகவே வாடை போனதும் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரிசோதனைக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுங்கள். பென்சீனும், பெட்ரோலில் இருக்கும் இன்னொரு பொருளான டொலுவீனும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். உப்பும் காரமும் மட்டும் பார்க்கும் சோதனையில் இது தெரியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுத்து, அதன் நகலை விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள். அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் நல்லது, எந்தக் கிணற்றில் எப்போது வாடை வந்தது என்ற தேதிகளோடு.